நாலாம் கட்டையில் ரோடு மூடியிருக்கிறது

சென்ற மாதம் நாலாம் கட்டை வளைவில் தானாக இறங்கும் கதவு ஒன்றை வைத்தார்கள். மலைச்சரிவுக்குள் நீளமான குழாய்களை இறக்கி, அவற்றுக்குள் ஏதோ கருவிகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். உள்ளே மண் அசைந்தால் கதவு இறங்கிவிடும், சிவப்பு விளக்கு சுழலும், அலுவலகத்தில் இருப்பவர்களின் கைப்பேசிக்குச் செய்தி போகும். திறப்பு நாளில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் ஓய்வு பெற்று நான்கு வருடமாகிவிட்டது. ஆனாலும் அந்த வளைவில் நின்றவுடன் என் கண் தன்னால் மேலே போய்விட்டது.

அங்கிருந்த பொறியாளர் பெண், "இதெல்லாம் இல்லாதப்ப ரோட்ட மூடணும்னு யாரு முடிவு பண்ணுவாங்க, அங்கிள்?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

"எப்படி?"

முளை, இரும்பு நாடா, மழை அளக்கும் போத்தல் என்று சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்த பிறகுதான், கேட்ட கேள்விக்கு நான் பாதிப் பதில்தான் சொல்லியிருக்கிறேன் என்று உறைத்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

அந்தச் சாலை மொத்தமே ஏழு கிலோமீட்டர். பிரிஞ்சாங்கைத் தாண்டி, கியா பார்ம் காய்கறிக் கடைகள் முடிகிற இடத்துக்கு அப்பால் பெரிய சாலையிலிருந்து பிரிந்து தேயிலைக்குள் இறங்கும். எங்கள் தோட்டத்துத் தொழிற்சாலை வாசலில் முடியும். அதற்குப் பிறகு இருப்பது தோட்டத்து மண் பாதை. அது சுற்றிச் சுற்றிக் கம்போங் ராஜா பக்கம் போய்ச் சேரும். அரசாங்க வரைபடத்தில் எங்கள் சாலைக்கு ஒரு எண் உண்டு. அந்த எண்ணைச் சொன்னால் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குக்கூடத் தெரியாது. தேயிலை ரோடு என்றால்தான் தெரியும்.

வெள்ளைக்காரத் துரை காலத்தில் வெட்டிய பாதை அது. தேயிலைப் பெட்டி ஏற்றிய சின்ன லோரி ஒன்று போய்வந்தால் போதும் என்று போட்டார்கள். மலையை ஒரு பக்கம் வெட்டி, வெட்டிய மண்ணை மறுபக்கம் பள்ளத்தில் தள்ளி, அந்தத் தளர்ந்த மண்ணின் மேலேயே பாதி ரோட்டைப் போட்டுவிட்டார்கள். பிறகு மாநிலச் சாலை ஆயிற்று, தார் வந்தது, பெரிய லோரிகள் வந்தன. ஒவ்வொரு தடவை அகலப்படுத்தும்போதும் மலையின் அடியை இன்னும் கொஞ்சம் வெட்டினார்கள். கடைசியாக மேலே காய்கறித் தோட்டங்கள் வந்தன. பிளாஸ்டிக் கூரை போட்ட தோட்டங்கள். மழை மண்ணில் பரவலாக இறங்காமல் கூரைகளில் வழிந்து ஒரே இடத்தில் கொட்டும். ஒருவர்மேல் பழி போட நான் இதைச் சொல்லவில்லை. ஆளுக்குக் கொஞ்சமாக அந்த மலையைத் தொந்தரவு செய்தோம், அவ்வளவுதான்.

மைல் கல்லை எங்கள் ஆட்கள் கட்டை என்பார்கள். கல்லெல்லாம் போய் கிலோமீட்டர் பலகை வந்த பிறகும் நாலாம் கட்டை நாலாம் கட்டையாகவே இருந்தது. அங்கே சாலை இருநூறு மீட்டருக்கு மலையை அணைத்தபடி வளையும். வளைவுக்கு நேர் கீழே பதினான்கு தொழிலாளர் வீடுகள் ஒரே வரிசையாக நிற்கும் ஒரு லைன். வீடுகளுக்கும் கீழே ஓடை. லைனிலிருந்து வெளியே வர ஒரே வழி, முப்பத்தெட்டுக் கல்படி ஏறி வளைவின் நட்டநடுவே வந்து நிற்பதுதான்.

நான் அந்தத் தோட்டத்தில் பிறந்தவன். ரோட்டு வேலைக்குப் புல் வெட்ட வந்து, ரோட்டோரத்தில் தண்ணீர் ஓடும் கான் தோண்டி, தார் ஊற்றி, பதினைந்து வருடம் கழித்து மண்டோர் ஆனேன். மண்டோர் என்றால் மேஸ்திரி, எனக்குக் கீழே ஆறு பேர். மழைக்காலத்தில் என் முக்கியமான வேலை நடப்பது. ஏழு கிலோமீட்டரையும் தினமும் நடந்து, மலையைப் பார்க்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது என்று எனக்குக் காட்டியவர் என் மேலதிகாரி ஹம்சா. மலாய்க்காரர்; மரியாதையாக என்சிக் என்று கூப்பிடுவோம். எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்துக் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், எங்கள் பிள்ளைகளோடு பந்து விளையாடி வளர்ந்தவர் என்பதால் எங்களைப் போலவே தமிழ் பேசுவார். கத்துகிற அதிகாரிக்குப் பழகிவிடலாம். ஹம்சா கத்தமாட்டார். நாம் சொல்வதைக் கேட்டுவிட்டு மூன்று கேள்வி கேட்பார். "பாத்தியா? தொட்டியா? அளந்தியா?" மூன்றில் ஒன்றுக்கு இல்லை என்று சொன்னால் ஒன்றும் பேசாமல் காத்திருப்பார். நாம் திரும்ப நடந்துபோய் அதைச் செய்துவிட்டு வரும்வரை மழையிலேயே நிற்பார். நோட்டில் பென்சிலால்தான் எழுதுவார். பேனா மழையில் கரைந்துவிடுமாம்.

விரிசல் கண்டால் இந்தப் பக்கம் ஒரு முளை, அந்தப் பக்கம் ஒரு முளை அடிக்க வேண்டும். முளையின் தலையில் ஆணி. இரண்டு ஆணிக்கும் நடுவே இரும்பு நாடாவைப் பிடித்து அளக்க வேண்டும். ஒரே ஆள், ஒரே நாடா. தேதி, மணி, அளவு, மழை நான்கையும் எழுத வேண்டும். மலையடித் தடுப்புச் சுவரில் தண்ணீர் வடிவதற்குக் குழாய்கள் விட்டிருப்பார்கள். மழையின்போது அவற்றில் தண்ணீர் தெளிவாக வந்தால் நல்லது. பால் ஊற்றிய தேத்தண்ணி போல வந்தால் உள்ளே மண் கரைகிறது. மழை கொட்டும்போது ஒன்றுமே வராவிட்டால் அதுதான் எல்லாவற்றிலும் மோசம். உள்ளே எங்கோ அடைத்துக்கொண்டுவிட்டது, மலை தண்ணீரை வயிற்றில் வைத்துக்கொண்டு நிற்கிறது என்று பொருள்.

மண்டோர் தன் பொறுப்பில் ரோட்டை மூடலாம். மூடியதும் மேலே தெரிவிக்க வேண்டும். மழை நின்று, பன்னிரண்டு மணி நேரம் முளைகள் அசையாமல் இருந்தால் மண்டோரே திறக்கலாம். விதி இவ்வளவுதான். படிக்க எளிதாக இருக்கிறது.

முதல் தடவை நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மழைக்காலத்து நடுப்பகல். நாலாம் கட்டையில், வளைவின் மேல் பாதியில், அதாவது படிக்கு அப்பால் பெரிய சாலைப் பக்கம், தலைக்கு மேலே முப்பது அடி உயரத்தில் ஒரு விரிசல். காலையில் அளந்ததற்கும் மதியம் அளந்ததற்கும் ஒன்பது மில்லிமீட்டர் வித்தியாசம். இரண்டு பக்கமும் ட்ரம் வைத்து, குறுக்கே மரக்கட்டை போட்டு மூடினேன். பெரிய சாலைப் பக்கம் என் கூட்டாளி மாரி. தோட்டத்துப் பக்கம் நான்.

இரண்டு மணி வாக்கில் தோட்டத்துப் பக்கமிருந்து ஒரு வான் வந்தது. ஓட்டி வந்தவன் கோவிந்தன். கீழ் லைன்காரன், தோட்டத்தில் லோரி ஓட்டுபவன். பின்னால், அம்மா வீட்டிலிருந்து ஏற்றிவந்த அவன் மனைவி செல்வி, அவள் பக்கத்தில் இரண்டு பெண்கள்.

"அண்ணே, செல்விக்கு வலி கண்டிருச்சு. தொறந்து விடுங்க."

"மேல வெடிச்சிருக்குப்பா. போக முடியாது."

"எரநூறு மீட்டரு லா! ஒரே மிதி மிதிச்சா முப்பது செகண்டு. நான் போய்க்கிறேன். நீங்க அங்குட்டுத் திரும்பி நில்லுங்க, பாக்கவே வேணாம்."

"கோவிந்தா, மண்ணு அசையுது. அளந்துட்டுத்தான் சொல்றேன். கம்போங் ராஜா பக்கம் போ."

"அது எவ்ளோ சுத்துன்னு தெரியுமா தெரியாதா? மண்ணு ரோடு, மழ வேற!"

அவன் இறங்கி வந்து கட்டையைப் பிடித்தான். நான் மறுமுனையைப் பிடித்தேன். இரண்டு பேரும் ஒரு கணம் அப்படியே நின்றோம். வானுக்குள்ளிருந்து செல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கெஞ்சவில்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்தாள், அவ்வளவுதான். நான் கட்டையை விடவில்லை. கோவிந்தன் வானைத் திருப்பினான்.

மண் பாதையில் வான் சேற்றில் மாட்டிக்கொண்டது. தோட்டத்து டிராக்டர் வந்து இழுத்துவிட நேரமாயிற்று. சுற்றிக்கொண்டு தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது குழந்தையின் துடிப்பு நின்றிருந்தது.

மலை அன்று விழவில்லை. அடுத்த நாளும் விழவில்லை. மூன்றாம் நாள் வெயிலடித்தது, முளைகள் அசையவில்லை, ரோட்டைத் திறந்தேன். முன்கூட்டியே வந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று டாக்டர் சொன்னதாக யாரோ யாரிடமோ சொல்லி என் காதுக்கும் வந்தது. அந்த வார்த்தையில் சாய்ந்துகொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை.

நோட்டில் 'மண் விழவில்லை' என்று எழுதியிருந்தேன். ஹம்சா அதைப் படித்தார். பையிலிருந்து அழிப்பானை எடுத்து அழித்துவிட்டு, 'இன்னும் விழவில்லை' என்று எழுதினார். பிறகு என்னைப் பார்க்காமல், "நீ மூடுனது சரி, வேலு. அது உனக்கு ஒன்னுக்கும் ஒதவாதுன்னும் தெரியும்" என்றார்.

அதற்கு முன்பு எனக்கு மலையிடம்தான் பயம். அதற்குப் பிறகு என் கையைக் கண்டே பயம். முளையில் நாடாவை வைத்தால் அளவு குறைவாக இருக்க வேண்டும் என்று மனசு வேண்டிக்கொள்ளும். வேண்டிக்கொண்டு அளப்பவன் சரியாக அளப்பானா? ஒருநாள் வளைவில் ஐந்து மில்லிமீட்டர் காட்டியும் மூடாமல் விட்டுவிட்டேன். அன்று சாயங்காலம்வரை ஒவ்வொரு லோரியும் பள்ளி வானும் வளைவைக் கடந்து முடிக்கும்வரை நான் மூச்சுவிடவில்லை. எதுவும் நடக்கவில்லை. இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. கோவிந்தன் அதற்குப் பிறகு என்னை அண்ணே என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். எதிரில் பார்த்தால், "என்னா மண்டோரே" என்பான். செல்வி தலையை மட்டும் அசைப்பாள்.

அடுத்த வருட மழை. நான்கு நாள் விடாமல் பெய்தது. நாலாம் நாள் காலை பதினொரு மணிக்கு நானும் மாரியும் வளைவுக்குப் போனோம். முதலில் என் கண்ணில் பட்டது விரிசல் அல்ல, சுவர். பதினொரு குழாய்களில் ஒன்றிலும் தண்ணீர் இல்லை. தலையில் மழை கொட்டுகிறது, கானில் தண்ணீர் பாய்கிறது, சுவர் மட்டும் காய்ந்த வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. கிட்டே போய் ஒரு குழாய்க்குள் விரலை விட்டேன். உள்ளே குளிர்ந்த சேறு கெட்டியாக அடைத்திருந்தது.

மேலே ஏறினோம். பழைய முளைகளுக்கு நடுவே முந்தின நாளைவிட முப்பத்தொரு மில்லிமீட்டர். நாடா தப்பாகப் பிடித்திருப்பேனோ என்று மறுபடி அளந்தேன். முப்பத்திரண்டு. விரிசல் மேல் பாதியோடு நிற்கவில்லை. பெரணிச் செடிகளை விலக்கிக்கொண்டு அதன் பின்னாலேயே போனோம். வளைவு முழுக்கப் போய், கல்படி இருக்கும் இடத்தையும் தாண்டிப் போயிருந்தது.

மாரி என் முகத்தைப் பார்த்தான். "மண்டோர், இது ரோடு மட்டும் இல்ல. கீழ லைனு."

எனக்கும் அதுதான் தோன்றியது. ரோட்டை மூடிவிடலாம். வீடுகளை எப்படி மூடுவது? மண் இறங்கினால் ரோட்டோடு நிற்காது, லைனுக்குப் போகும். ஆட்களை வெளியேற்றலாம் என்றால் ஓடை கரை புரண்டு ஓடுகிறது, கீழ்ப்பக்கம் வழியில்லை. படியேறி, இந்த மலைக்கு நேர் அடியில் வந்து, தோட்டத்துப் பக்கம் நூறு மீட்டர் நடந்தால்தான் தப்பிக்க முடியும். வீட்டில் இருந்தால் ஆபத்து வரலாம். கூப்பிட்டால் ஆபத்துக்கு அடியில் நான்தான் நடக்கவைக்கிறேன். நடக்கும்போது விழுந்தால்? போன வருடம் போல விழாமலே போய்விட்டால்?

வளைவில் வாக்கிடாக்கி இரைந்தது. ஹம்சாவுக்குச் செய்தி போனதா என்றே தெரியவில்லை. இரண்டு பக்கமும் ட்ரம் வைத்து ரோட்டை மூடிவிட்டு, மாரியைத் தோட்டத்துப் பக்கம் ஒரு மேட்டில் நிறுத்தினேன். கையில் விசில். "மரத்து உச்சியப் பாத்துக்கிட்டே இரு. ஒன்னு சாஞ்சாலும் ஊது" என்றேன். பிறகு படி இறங்கினேன்.

வேலைக்கும் பள்ளிக்கும் போனவர்கள் போக லைனில் இருபத்தாறு பேர் இருந்தார்கள். முதல் வீட்டுக் கதவைத் தட்டினேன், இரண்டாவது, மூன்றாவது. எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். ஒருவரும் வாசலை விட்டு இறங்கவில்லை. அவர்கள் பார்வை ஐந்தாவது வீட்டுப் பக்கம் போனது. இப்படி விடாமல் பெய்கிற நாட்களில் லோரி ஓடாது என்பதால் கோவிந்தன் வீட்டில்தான் இருந்தான். சட்டை போடாமல் வாசலில் வந்து நின்றான்.

"போன தடவையும் இதத்தான சொன்ன மண்டோரே. விழுந்துச்சா?"

"இந்தத் தடவ வேற மாதிரி இருக்கு கோவிந்தா. கொழாயில தண்ணி நின்னுபோச்சு."

"தண்ணி நின்னா நல்லதுதான லா! வந்தாலும் பயங்கிற, நின்னாலும் பயங்கிற. நீ பயந்தாங்கொள்ளி, அதுக்கு நாங்க மழையில நிக்கணுமா?"

யாரோ சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அவன் சொன்னதில் பாதி உண்மை. மேலே எங்கோ சின்னக் கற்கள் உருளும் சத்தம் கேட்டது, பொரி கொட்டுவதுபோல. நான் மட்டும்தான் கேட்டேனோ என்னவோ.

அப்போது அவனுக்குப் பின்னாலிருந்து செல்வி வெளியே வந்தாள். ஒரு கையில் குடை. மறு கையில் அடையாளக் கார்டு, பத்திரமெல்லாம் போட்ட பிளாஸ்டிக் பை. புருஷனைப் பார்க்கவில்லை. என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "எந்தப் பக்கம் நடக்கணும்ணே?" என்றாள்.

"படியேறி வலது பக்கம். ஓடாத தங்கச்சி. வழுக்கும்."

அவள் முதல் படியில் கால் வைத்ததும் பக்கத்து வீட்டுப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். அதற்குப் பிறகு எல்லோரும் வந்தார்கள்.

ஐந்து ஐந்து பேராக அனுப்பினேன். ஒரு கூட்டம் மாரியைத் தாண்டிய பிறகுதான் அடுத்த கூட்டம் படியேற வேண்டும். நான் படியின் உச்சியில், மலையின் அடியில் நின்றுகொண்டேன். அங்கே ஒருவர் நிற்காவிட்டால் படியேறி வருகிறவர்கள் தயங்கி நின்றுவிடுவார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தை நான் மறுபடி வாழ விரும்பமாட்டேன். மழை முகத்தில் அடிக்கிறது. காது முழுக்க மலையிடம். எங்கோ ஒரு வேர் அறுபடும் சத்தம், பழைய துணியைக் கிழிப்பதுபோல. மூன்றாவது கூட்டத்தில் ஒரு பெண்ணின் காலடியில் கைப்பிடி அளவு கல் ஒன்று வந்து விழுந்தது. அவள் அப்படியே உறைந்து நின்றுவிட்டாள். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. நான் போய் அவள் முழங்கையைப் பிடித்து, "என் சட்டைய மட்டும் பாத்துக்கிட்டு வாம்மா" என்று கூட்டிப்போனேன். அவளுக்கு முன்னால் பின்னோக்கி நடந்ததால் மலை முழுவதும் எனக்குத் தெரிந்தது.

கடைசியாக வந்தவன் கோவிந்தன். ரோட்டின் நடுவே, மலையை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே, வேண்டுமென்றே மெதுவாக நடந்தான்.

எல்லோரையும் தொழிற்சாலை பக்கத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் கொட்டகையில் உட்கார வைத்தோம். வேலைக்குப் போனவர்களும் பிள்ளைகளும் அங்கேயே வந்து சேர்ந்தார்கள். இரண்டு மணிக்கு மழை நின்றது.

மூன்றரைக்கு ஹம்சா கம்போங் ராஜா மண் பாதை வழியாக வந்து சேர்ந்தார், இடுப்புவரை சேறு. நேராக வளைவுக்கு நடந்தார். மேலே ஏறி முளைகளைப் பார்த்தார். கடைசி ஒரு மணி நேரத்தில் அசைவே இல்லை.

"பாத்தியா?"

"பாத்தேன் என்சிக்."

"தொட்டியா?"

"கொழாய்க்குள்ள வெரல விட்டேன். அடச்சிருக்கு."

"அளந்தியா?"

"மூனு தடவ."

வழக்கமாக இதோடு நிறுத்திவிடுவார். அன்று நோட்டை மூடிவிட்டு, "சரி, உனக்கு எப்படி இருக்கு?" என்றார். இருபது வருடத்தில் அவர் கேட்காத கேள்வி.

"பயமா இருக்கு என்சிக்."

அவர் நோட்டைத் திறந்து பென்சிலால் எழுதினார். எழுதியதை என்னிடம் காட்டினார். 'மண்டோர் பயப்படுகிறார். நாலாம் கட்டையில் ரோடு மூடியிருக்கிறது.'

"மேல படிச்சா சிரிப்பாங்க" என்றேன்.

"சிரிக்கட்டும்" என்றார்.

பெரிய சாலைப் பக்கத்துத் தடுப்பைப் பார்த்துக்கொள்ள அவர் திரும்பவும் சுற்றிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வெயில் வந்தது. நான்கு நாள் மழைக்குப் பிறகு வரும் வெயில். தேயிலை முழுக்கப் பளபளத்தது. கொட்டகையில் துணி உலர்த்தத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு அந்த வெயில்தான் அதிகப் பயத்தைக் கொடுத்தது. முளைகள் அசையவில்லை. பதினொரு குழாய்களில் நான்கில் தண்ணீர் வர ஆரம்பித்திருந்தது, அதுவும் தெளிவாக. எந்தப் பக்கம் பார்த்தாலும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அடுப்பில் சோறு வைத்துவிட்டு வந்தவர்கள், கோழியை அடைத்துவிட்டு வந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எட்டு மணிக்கு ஹம்சாவை வாக்கிடாக்கியில் பிடித்து அளவைச் சொன்னேன்.

"நீதான் அங்க நிக்கிற வேலு. நீ சொல்லு" என்றார்.

கோவிந்தன் வந்து தடுப்பருகே நின்றுகொண்டான். அவன் நின்ற நிலையில் போன வருடம் முழுக்க இருந்தது. ஒன்பது மணிக்கு மறுபடி அளந்தேன். அசைவில்லை. விதிப்படி பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. மறுபடியும் தப்பு செய்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு குரல் சொல்லத் தொடங்கியது. இந்தத் தடவையும் விழாது. இந்த ஆட்கள் இனிமேல் என் சொல்லைக் கேட்கமாட்டார்கள்.

நோட்டை எடுத்தேன். 'காலை 9.10. சாலை திறக்கலாம்' என்று எழுதினேன்.

ட்ரம்மின் விளிம்பில் கை வைத்தேன். உருட்டத்தான் போனேன். கோவிந்தன் குனிந்து கட்டையின் மறுமுனையைப் பிடித்தான்.

மேலே மின்கம்பியில் 'டங்' என்று ஒரு சத்தம். வீணைத் தந்தியைச் சுண்டியதுபோல. இருவரும் நிமிர்ந்தோம். கம்பி விறைத்துக்கொண்டே போனது. கம்பம் மெல்லத் திரும்பியது. சரிவின் மேல் பக்கம் இருந்த பழைய தேயிலைச் செடிகள், வரிசை கலையாமல், நின்றபடியே, எங்களை நோக்கிக் கீழே வந்தன. அதுவரை சத்தமே இல்லை. பிறகுதான் சத்தம் வந்தது. அதை எழுத என்னிடம் வார்த்தை இல்லை. காதால் கேட்கவில்லை, நெஞ்சால் கேட்டேன். காய்கறித் தோட்டத்துப் பிளாஸ்டிக் கூரைகள் பெரிய பறவைகள் போலப் படபடத்துக்கொண்டு மண்ணின் மேல் இறங்கி வந்தன. சுவர் போயிற்று, ரோடு போயிற்று, படி போயிற்று. கீழே ஓட்டுக் கூரைகள் நொறுங்குவது கேட்டது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. அடங்கியபோது எங்களுக்கு முன்னால் பத்து அடியில் தார் முடிந்திருந்தது. கோவிந்தன் என் கையை எலும்பு வலிக்கப் பிடித்திருந்தான். என் கால்சட்டை நனைந்திருந்தது. மழை பெய்யவில்லை.

கொட்டகைக்கு ஓடி ஆட்களை எண்ணினேன். ஒன்று குறைந்தது. மறுபடி எண்ணினேன். ஒன்று குறைந்தது. செல்வி இல்லை. திறக்கப்போகிறார்கள் என்று தெரிந்து முன்னாலேயே போய்விட்டாளோ? கோவிந்தன் அவள் பெயரைக் கத்திக்கொண்டு வளைவுப் பக்கம் திரும்பி ஓடினான். நான் பின்னால் ஓடினேன். மண் விளிம்பில் அவனை மாரி கட்டிப்பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று. அவள் தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த குழாயடியிலிருந்து, துவைத்த துணியோடு, என்ன சத்தம் என்று கேட்டுக்கொண்டு வந்தாள். கோவிந்தன் அந்த இடத்திலேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டான்.

பதினான்கு வீட்டில் இரண்டுதான் மிஞ்சின. ஆட்களில் ஒருவருக்கும் காயமில்லை. அந்த நோட்டை ஹம்சா மத்தியானம் வாங்கிப் பார்த்தார். 9.10 வரியில் அவர் கண் நின்றது. அழிப்பானைத் தேடுவார் என்று நினைத்தேன். தேடவில்லை. அதற்குக் கீழே, 'காலை 9.14. மண் விழுந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சில மாதம் கழித்துக் கோவில் மண்டபத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இத்தனை உயிரைக் காப்பாற்றிய மண்டோர் என்று பேசினார்கள். கோவிந்தன் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பொன்னாடை கழன்றுவிடும். அவன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அதை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். மழை பெய்யும் நாட்களில் இன்றும் காலை 9.10 ஆனால் என் கண் கடிகாரத்துக்குப் போய்விடும். நான்கு நிமிடம் முன்னால் எழுதியிருந்தால்? படி இறங்கப் போகிற முதல் வரிசையில் பிள்ளைகள் இருந்திருப்பார்கள்.

ஓய்வு பெற்ற வருடம், என் மகள் கல்யாணப் பத்திரிகை வைக்க அவர்களுடைய புது வீட்டுக்குப் போனேன். கோவிந்தன் லோரியோடு வெளியே போயிருந்தான். செல்வி தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். அவள் எதிரில் உட்கார்ந்ததும் என்னால் அடக்க முடியவில்லை.

"தங்கச்சி, அந்தப் பொன்னாடைய எனக்குப் போட்டிருக்கக் கூடாது. அன்னைக்கிக் காலையில நான் தொறக்கப் போயிட்டேன். நோட்டுல எழுதியும்கூட வெச்சிட்டேன்."

"தெரியும்ணே. அவரு அன்னைக்கே சொல்லிட்டாரு. ட்ரம்முல உங்க கை இருந்துச்சுன்னு."

"வேற யார்கிட்டயும் சொல்லலையா?"

"எப்படிச் சொல்லுவாரு? கட்டையில அவரு கையும்தான இருந்துச்சு."

பிறகு அவள் மடியில் இருந்த பத்திரிகையைத் தடவிக்கொண்டே, "ஒன்னு கேக்கவா அண்ணே? அந்த மொதத் தடவ, ரோடு தொறந்திருந்தா, புள்ள பொழச்சிருக்குமா?" என்றாள்.

டாக்டர் சொன்னதாகக் கேள்விப்பட்ட வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. இத்தனை வருடம் இந்தக் கேள்விக்காகத்தான் அதை வைத்திருந்தேனோ என்னவோ. சொல்ல முடியவில்லை.

"தெரியல தங்கச்சி" என்றேன்.

அவள் தலையசைத்தாள். "எங்கம்மா பொழச்சிருக்கும்னு சொல்றாங்க. டாக்டரு பொழச்சிருக்காதுன்னாரு. எல்லார்கிட்டயும் ஒரு பதில் இருக்கு. எனக்குத் தெரியலண்ணே. ராத்திரி பகலா யோசிச்சும் தெரியல."

பிறகு சொன்னாள்: "அதான் அடுத்த வருசம் நீங்க வந்து கதவத் தட்டுனப்ப, விழுமா விழாதான்னு நான் கேக்கவே இல்ல. கேட்டா நீங்க தெரியலன்னுதான் சொல்லியிருப்பீங்க. தெரியாம ஒரு தடவ வான்ல உக்காந்திருந்தது போதும்னு எந்திரிச்சு வந்துட்டேன்."